வளங்குன்றாக் கடலுணவு: சொல் விளக்கம்

ஜார்ஜ்டவுனில் மீன்கறிச் சோற்றுக் கடை வைத்திருக்கும் என் சின்னம்மா சென்ற மாதம் கேட்டார்: "தம்பி, பலகையில மலாய்ல 'மக்கானான் லாவுத் லெஸ்தாரி'ன்னு எழுதிட்டேன். தமிழ்ல என்னன்னு போட?" கைப்பேசி அவருக்கு 'நிலையான கடல் உணவு' என்று காட்டியிருந்தது. அதைப் படிப்பவர் கெடாத மீன் என்றோ விலை ஏறாத மீன் என்றோதான் நினைப்பார். சின்னம்மா சொல்ல வந்தது கடலில் மீன் தீர்ந்துவிடாதபடி பிடித்தது என்பதை.

ஆங்கிலச் 'சஸ்டைனபல்' லத்தீன் மொழியின் 'சுஸ்தினேரே'யிலிருந்து வந்தது. கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். வளத்தைப் பற்றிய கருத்தோ ஜெர்மன் காடுகளில் முளைத்தது. சாக்சனியின் சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு அற்றுப்போவதைக் கண்டு, முளைக்கும் அளவுக்கே மரம் வெட்ட வேண்டும் என்று 1713இல் எழுதினார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. மலாய் 'லெஸ்தாரி' ஜாவா மொழிச் சொல், மாறாமல் நீடிப்பது. அரசுத் தாள்களில் 'மம்பான்' என்றும் பார்க்கலாம்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'நீடித்த' என்பது காலத்தை மட்டும் சொல்கிறது. 'பேண்தகு' அழகான சொல். ஆனால் பேணத் தகுந்த மீன் என்றால் அதை ஏன் கறி வைக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். நான் 'வளங்குன்றா' என்பதையே எடுப்பேன். 736ஆம் குறளில் இந்தச் சொல் அப்படியே இருக்கிறது: கேடு வந்த காலத்திலும் வளம் குறையாத நாடே நாடுகளில் தலையானது என்கிறார் வள்ளுவர். எடுக்க எடுக்கத் தாய்வளம் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கருத்து முழுவதும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. 'கடலுணவு' என்று சேரும்போது ஒற்று மிகும்: வளங்குன்றாக் கடலுணவு.

இனி, எந்த மீனுக்கு இந்தப் பெயர் தகும்? மீன் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. நம் கறியில் அதிகம் விழும் கெம்போங், தமிழகத்தில் கானாங்கெளுத்தி என்பார்கள், வேகமாக வளர்ந்து சீக்கிரமே சினை பிடிக்கும் சாதி. அதையே இழுவை மடியில், அதாவது பூக்காட் துண்டாவில், குஞ்சும் குளுவானுமாக வாரினால் அதுவும் குன்றும். கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் மடி அது. கரையோரக் கடலைச் சிறு படகுக்காரருக்கு விட்டு அதை விலக்கி வைத்திருப்பது அதனால்தான். கெராப்பு, அதாவது களவா மீன், கதை வேறு. பெண்ணாகப் பிறந்து, பெருத்த பிறகே ஆணாக மாறும் மீன் அது. பெரியதாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் ஆண் மீன் அருகிவிடும்.

கூண்டில் வளர்த்த சியாக்காப் என்றாலே நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அந்தக் கொடுவாவுக்கு இரையாக 'ஈக்கான் பாஜா' போடுகிறார்களா என்று கேளுங்கள். பாஜா என்றால் எரு. இழுவை மடியில் சிக்கிய பொடிமீன்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் விற்கிறது. கெராங் சிப்பிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நீரை வடிகட்டியே பிழைக்கும், யாரும் இரை போட வேண்டாம்.

வளங்குன்றாமல் பிடித்த மீனுக்குச் சான்று தரும் எம்.எஸ்.சி. அமைப்பின் நீல முத்திரை 1997இல் தொடங்கிய முயற்சியின் விளைவு. அதை உணவுப் பட்டியலில் போட, படகிலிருந்து தட்டு வரை ஒவ்வொரு கையும் தணிக்கைக்கு உட்பட வேண்டும், கடையும்தான். சின்னம்மா போன்றவர்களுக்கு அது பெருஞ்செலவு. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலேசியாவின் கடலுணவுக் கையேடு மீன்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துச் சொல்கிறது. அதையும் மீன்காரரிடம் கேட்கும் இரண்டு கேள்வியையும் வைத்தே தொடங்கலாம்: எங்கே பிடித்தது, எந்த வலையில்?

மூன்றாவதாக நான் ஒன்று சேர்ப்பேன், இதில் எனக்கு மனவருத்தமே உண்டு. சினை நண்டுக்கு நம்மவர்கள் கூடுதல் காசு கொடுக்கிறோம். வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்தைச் சுமந்து வரும் பூநண்டை வாங்கும்போது அடுத்த பருவத்து நண்டையும் சேர்த்தே வாங்கிவிடுகிறோம். கடைக்காரர் அதை வேண்டாம் என்று சொன்னால் வலைக்காரரும் கடலில் விடப் பழகுவார்.

ஆகவே சின்னம்மாவிடம், பெரிய சொல்லைத் தலைப்பாக மேலே எழுதி, கீழே அன்றன்றைய விவரத்தைச் சாக்குக்கட்டியில் எழுதச் சொன்னேன். இன்று போனபோது பலகையில் இருந்தது:

வளங்குன்றாக் கடலுணவு
கெம்போங் – தெலுக் பஹாங், சிறு படகு, மிதவலை
நண்டு – சினை இல்லாதது மட்டும்
கெராப்பு – இன்று இல்லை