கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும்? சட்டம் சொல்வதும் வகுப்பில் நடப்பதும்

என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். 'கொடி பறக்குது' என்று சொல்லச் சொன்னால் கணீரென்று சொல்லுவான், எழுதச் சொன்னால் 'கெடி பறகது' என்று எழுதுவான். ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் போடணும், காலைப் பின்னால் போடணும், ஆனால் வாயில் முதலில் வருவது நடுவில் நிற்கிற 'க'. இந்த ஒரு இடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுமாறுவான். நானும் எல்லாரையும் போலத்தான், பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்று இம்போசிஷன் கொடுத்தேன். பத்துத் தடவை எழுதி வந்தான், பத்தில் ஆறு வேறு வேறு மாதிரி இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இது சோம்பேறித்தனம் இல்லை என்று.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக விரித்தது. அதில் ஒன்று குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பதில் சிக்கல் என்றால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா, எல்லாம் இதற்குள் வருபவை. பேச்சு, அறிவு, விளையாட்டு எல்லாம் நன்றாக இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் திட்டு அதிகம் விழுகிறது.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் முதலில் படிக்க வேண்டியது இந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள்வது பள்ளியின் வேலை என்று அது சொல்கிறது. அரசுப் பள்ளிக்கு மட்டுமில்லை, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். "நீங்கள் வெளியே காட்டி, சான்றிதழ் வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்புவதை நான் பல இடத்தில் கேட்டிருக்கிறேன். சட்டத்தின் வரிசையே வேறு: கண்டுபிடிப்பதும் பள்ளி, வகுப்பில் உடனே உதவ வேண்டியதும் பள்ளி. சான்றிதழ் தேவைப்படுவது முக்கியமாகப் பொதுத்தேர்வுச் சலுகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும்தான். வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைக்கவும், கேள்வியை வாசித்துக் காட்டவும் யாருடைய முத்திரையும் வேண்டாம்.

சரி, எப்போது சந்தேகப்படுவது? 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசிதழ் அறிவிக்கை, மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, இதில் எது முந்தியோ அப்போது ஆசிரியர் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. இதற்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சுவாரசியமான பதில்கள் வரும். தமிழ்நாட்டில் ஆரம்ப வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அரும்பு என்கிற தொடக்க நிலையில் இருக்கிற பிள்ளை அடுத்த நிலையான மொட்டுக்கு வராமல் வருடக்கணக்கில் அங்கேயே நின்றால், வாயால் கேட்டால் மட்டும் சரியாகச் சொன்னால், அந்தப் பெயரைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஆனால் ஒன்று, மெதுவாக வாசிக்கிற எல்லாரும் டிஸ்லெக்சியா இல்லை. கண்ணையும் காதையும் முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ குழம்புவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது நம்மில் பாதிப் பேருக்கு உண்டு.

அடுத்த படி, வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடத்துகிறார்கள். தலைமையாசிரியர் மூலமாகவே பெயர் கொடுக்கலாம். பெற்றோர் நேரடியாகவும் போய்க் கேட்கலாம். சான்றிதழ் தருவது அரசு மருத்துவமனை. குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்ப்பார்கள், அறிவுத்திறன் சோதனை எடுப்பார்கள், வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தனிச் சோதனையும் இருக்கும். ஒரே நாளில் முடியாது என்று தெரிந்தே போங்கள். பிள்ளையின் பழைய நோட்டுகள் இரண்டு மூன்றையும் எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு நீங்கள் அரை மணி நேரம் பேசுவதைவிட ஒரு டிக்டேஷன் நோட்டு அதிகம் சொல்லும். அந்த 2018 அறிவிக்கைப்படி எட்டு வயதிலிருந்துதான் சான்றிதழ், 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு உண்டு. விதிகளில் 2024-இல் திருத்தம் வந்திருக்கிறது, அதனால் மருத்துவமனையில் புதுப்பிக்கும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்குச் சற்று முன்னால் காலாவதியாகி அலைகிறவர்கள் நிறைய.

சான்றிதழில் ஒரு சதவீதம் போட்டிருக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடு போன்றவை கிடைக்கும். 40-க்குக் குறைந்தால் ஒன்றுமே கிடையாது என்று சொல்லுவார்கள், நம்பாதீர்கள். 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். 40 சதவீதம் என்கிற வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், தேர்வில் தர வேண்டிய வசதிகளை மறுக்க அதைக் காரணம் காட்ட முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ள 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனியாக வழிகாட்டுதலே வெளியிட்டது.

பொதுத்தேர்வில் என்ன கிடைக்கும் என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். சட்டத்தின் 17-ஆவது பிரிவே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று மூன்றையும் பெயர் சொல்லிச் சொல்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்களிப்பு ஆகியவற்றைத் தருகிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும், தேர்வுக்குப் பல மாதம் முன்பே. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம், இரண்டு மணி நேரத்துக்கு 40 நிமிடம் என்று கணக்கு.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று. மொழிப்பாட விலக்கை அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். கிடைக்கிறது என்பதற்காக வாங்குகிற சலுகை இல்லை அது. பிள்ளையிடம் கேட்டு, மற்ற இரண்டு வசதிகளோடு மாதிரித் தேர்வு எழுத வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்புறம், சொல்வதை எழுதுபவர் வருகிறார் என்றால் முந்தைய ஜூன் மாதத்திலிருந்தே பழக்க வேண்டும். விடையைச் சொல்லிச் சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. 'கமா போடுங்க, அடுத்த வரிக்குப் போங்க, படம் இங்கே' என்று சொல்லத் தெரியாத பிள்ளை, விடை தெரிந்தும் பரீட்சை அறையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இப்போது வகுப்புக்கு வருவோம், 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு மட்டும் எப்படித் தனியாகச் செய்வது என்கிற கேள்விக்கு. நான் தனியாகச் செய்வதை நிறுத்திவிட்டேன். வாரத் தேர்வை எழுதலாம், இல்லையென்றால் என் மேசைக்கு வந்து வாயால் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தேன். முதல் வாரம் ஒன்பது பேர் வந்து நின்றார்கள், கூத்து பார்க்க வந்தவர்கள் உட்பட. வரிசையில் நிற்பது அலுத்துப்போய் மூன்றாம் வாரத்தில் இரண்டு பேர்தான் மிச்சம், அந்தப் பையனும் நான் கவனிக்கவே கவனிக்காத ஒரு பெண்ணும். 'அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்' என்ற கேள்வியே எழவில்லை.

இன்னும் சில சின்ன விஷயங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லுவதில்லை, நாளைக்கு எந்தப் பத்தி என்று முந்தின நாளே காதோடு சொல்லிவிடுவேன், வீட்டில் பழகி வருவான். கரும்பலகையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நிமிர்ந்து பார்த்து எழுதுகிறவனுக்குப் பக்கத்து நோட்டின் ஜெராக்ஸ் ஒன்று போதும். சமூக அறிவியல் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். அவன் சேட்டை செய்கிற நேரத்தைக் குறித்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட எல்லாம் எழுத்து வேலை தொடங்குகிற முதல் ஐந்து நிமிடம். வேலையை இரண்டு துண்டாக உடைத்துக் கொடுத்ததும் பாதிச் சேட்டை காணாமல் போனது. அடிப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது, 'மக்கு' என்று சொல்வது அந்த மன ரீதியான துன்புறுத்தலில் வராது என்று நினைக்கிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

பள்ளி செய்ய மறுத்தால், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2016 சட்டத்தின் 16, 17 பிரிவுகளைக் குறிப்பிட்டு, என்ன வசதி வேண்டும் என்று ஒரு பக்கத்தில் மனு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். எல்லா மனுவையும் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.