ஆரஞ்சுச் சாற்றில் கலக்க ஷாம்பெய்ன் எதற்கு?

காக்டெய்ல் கலந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நுரைக்கும் ஒயினும் ஆரஞ்சுச் சாறும் கலந்த மிமோசா செய்வதற்கென்று, பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்து நுரை ஒயினான ஷாம்பெய்ன் வாங்காதீர்கள். வீட்டில் பிரன்ச் விருந்து (காலையும் மதியமும் சேர்ந்த உணவு) வைப்பவர்கள் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பாட்டிலைத் தேடுகிறார்கள். விருந்தினர் மீதுள்ள அன்பில் செய்வதுதான். ஆனாலும் அந்தப் பணம் கோப்பைக்கு வந்து சேர்வதில்லை.

ஷாம்பெய்னின் விலைக்கு நியாயமான காரணம் உண்டு. அந்த ஒயினை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்து, குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் வைத்திருந்த பிறகே விற்க முடியும். அதில் பெரும்பகுதிக் காலம் இறந்த ஈஸ்ட் படிவோடு கிடப்பதால்தான் வாட்டிய ரொட்டி, பாதாம் போன்ற மணங்கள் ஏறுகின்றன. பாதிக் கோப்பை ஆரஞ்சுச் சாறு விழுந்தால் முதலில் மறைபவை இந்த மணங்களே. ஷாம்பெய்னைத் தனியாகக் குடியுங்கள். கலந்தே ஆக வேண்டும் என்றால் கிர் ரோயாலுக்கு எடுங்கள். அதில் 90 மில்லி ஒயினுக்குக் பிளாக்கரன்ட் பழத்தின் இனிப்பு மதுவான லிக்கர் 10 மில்லிதான் சேர்கிறது, ஒயின் தன் குணத்தோடு நிற்கும்.

மிமோசாவுக்கு நான் முதலில் கைநீட்டுவது ஸ்பெயினின் நுரை ஒயினான காவா. பெரும்பாலும் கட்டலோனியாவில் தயாராகும் இதுவும் பாட்டிலுக்குள் நொதிப்பதுதான், ஈஸ்டோடு குறைந்தது 9 மாதங்கள் இருக்கும். நுரை நுண்மையாக இருக்கும், சாறு சேர்ந்த பிறகும் நீடிக்கும். பிரான்சின் மற்ற வட்டாரங்களில் இதே முறையில் செய்யும் கிரெமான் கிடைத்தாலும் நல்லது. இத்தாலியின் புரோசெக்கோ வேறு வகை. அதைப் பெரிய தொட்டியில் நொதிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் மணம் குறைவு, பேரிக்காய், பச்சை ஆப்பிள், பூ மணம் தூக்கலாக இருக்கும். பீச் பழக்கூழோடு அதைவிடப் பொருத்தமான ஒயினை நான் சுவைத்ததில்லை. ஜூசெப்பே சிப்ரியானி வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் உருவாக்கிய பெல்லினி என்ற காக்டெய்லுக்கு அதுதான் அடிப்படை: 100 மில்லி புரோசெக்கோ, 50 மில்லி வெள்ளைப் பீச் கூழ்.

நாட்டையும் ரகத்தையும் விட முக்கியமானது லேபிளில் இருக்கும் இனிப்பு அளவு. அதிகம் பேர் ஏமாறும் இடமும் அதுதான். ஒயினில் ‘டிரை’ என்றால் இனிப்பற்றது என்பதால், ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று கண்டதும் துளியும் இனிப்பு இருக்காது என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘புரூட்’ என்றால் 12 கிராமுக்குக் கீழே. வெறும் ‘டிரை’ அல்லது ‘செக்’ என்றால் 17 முதல் 32 வரை, ‘டெமி செக்’ 32 முதல் 50 வரை. பழச்சாறே 100 மில்லிக்கு எட்டு, ஒன்பது கிராம் சர்க்கரையோடு வருகிறது. அதன் மேல் இனிப்பு ஒயினை ஊற்றினால் இரண்டாவது வாய்க்கே திகட்டும். எனவே புரூட் வாங்குங்கள். கசப்பும் புளிப்பும் மிகுந்த கிரேப்ஃப்ரூட் சாற்றுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா டிரை கைகொடுக்கும். மிகவும் மலிவான சில பாட்டில்களில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தியிருப்பதாக லேபிளிலேயே எழுதியிருக்கும். அந்தக் குமிழிகள் சாறு பட்டதும் அடங்கிவிடும்.

ஒயின், சாறு இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். சாற்றின் சக்கையை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி வழியும். மிமோசாவுக்குக் கோப்பையைச் சாய்த்து ஒயினை முதலில் ஊற்றி, அதன் மேல் சாற்றைச் சேர்த்தால் தானாகவே கலந்துகொள்ளும்.

பாட்டிலைத் திறப்பதில் கவனம் தேவை. உள்ளே இருக்கும் அழுத்தம் ஐந்து, ஆறு வளிமண்டலம், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பறக்கும் கார்க் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சத்தத்தோடு கார்க்கைப் பறக்கவிடும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். குளிர்ந்த பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாதபடி பிடியுங்கள். கம்பிக் கூட்டைத் தளர்த்தத் தொடங்கியதிலிருந்தே ஒரு கை கார்க்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மற்றொரு கையால் பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்புங்கள். கார்க் மெல்லிய சீறலோடு வெளியே வரும்.

கடைசியாக, அளவு. 75 மில்லி ஒயினும் அதே அளவு சாறும் சேர்ந்த ஒரு மிமோசாவில், ஒயின் 12 சதவீதம் என்றால், சுமார் 7 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு குடித்தால் ஒரு முழுக் கோப்பை ஒயின் குடித்ததற்குச் சமம். பழச்சாற்றின் இனிப்பில் அது தெரிவதில்லை. காலை நேரம், பெரும்பாலும் வெறும் வயிறு, போதாததற்குக் குமிழிகள் ஆல்கஹாலைச் சிலரின் ரத்தத்தில் வேகமாகச் சேர்க்கின்றன. பாதி காலியான கோப்பையை மீண்டும் மீண்டும் நிரப்பினால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கும் விட்டுப்போகும். அதனால் என் விருந்துகளில் கோப்பை காலியான பிறகே அடுத்தது. முதல் சுற்றுக்கு முன்பே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுவேன். உலக சுகாதார நிறுவனம் 2023இல், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை எனத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி ஓட்டப்போகிறவர்கள், கருவுற்றவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுப்பவர்கள் ஒரு கோப்பைகூடக் குடிக்கக் கூடாது. இவர்களுக்காக அதே சாற்றில் சோடா கலந்து, அதே வகைக் கோப்பையில், தனி நிறக் குச்சி ஒன்றை அடையாளமாக வைத்துத் தனித் தட்டில் வைக்கிறேன். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் அவர்களைக் கேட்க வேண்டியிருக்காது.