பேனலுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டீர்களா?

2018இல் 3 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுத்த வீட்டிலிருந்து ஒரே மாதத்தில் போன் வந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை தினமும் சாயங்காலம் டைரியில் எழுதி வைப்பவர். "தம்பி, முதல் வாரம் 13 யூனிட் வந்துச்சு, இப்போ பதினொன்றரையைத் தாண்டல, டூப்ளிகேட் பேனலா?" என்றார். போய்ப் பார்த்தால், பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், பேனல் முழுக்க சிமெண்ட் தூசி. கழுவியதும் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. மிச்சத்தில் கொஞ்சம் மேகத்தின் வேலை. இன்னும் கொஞ்சம் எந்தத் தண்ணீருக்கும் போகாது சார், சிலிக்கானுக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பிய மாதிரி தெரியவில்லை.

விஷயம் இதுதான். சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் வேறு தனிமத்தைத் துளி கலக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் மாசூட்டல், எங்கள் பேச்சில் டோப்பிங். அன்றைய பேனல்களில் ஒவ்வொரு செல்லுக்கும் அடியாக இருக்கும் வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் தகடு) போரான், சுமார் 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில். இதைக் கூட்டினால் செல்லின் வோல்டேஜ் ஏறும், ஆனால் வெளிச்சம் கிளப்பிவிட்ட எலக்ட்ரான்கள், செல்லுக்குள் இரண்டு வகை சிலிக்கான் தொடும் சந்திப்பை எட்டுவதற்குள் துளைகளோடு (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) சேர்ந்து வழியிலேயே மடிந்துபோகும். குறைத்தால் அவை நீண்ட நேரம் பிழைக்கும், வோல்டேஜ் இறங்கும், மின்தடையும் கூடும். நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

போரானுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிலிக்கானை குவார்ட்ஸ் பாத்திரத்தில் உருக்கித்தான் தடியாக இழுக்கிறார்கள், அந்தப் பாத்திரத்திலிருந்து ஆக்சிஜன் உள்ளே கரைந்துவிடும். வெயில் பட்டதும் போரானும் இந்த ஆக்சிஜனும் கூட்டுச் சேர்ந்து எலக்ட்ரான்களைப் பிடித்து விழுங்கும் குழிகளாகின்றன. முதல் சில நாட்களிலேயே ஒன்றிரண்டு சதவீதம் போய்விடும், வேஃபர் மோசமென்றால் அதற்கு மேலும். 1973லேயே கண்டுகொண்ட கோளாறு இது! செல்லை இருட்டில் 200 டிகிரிக்குச் சூடாக்கினால் சரியாகிவிடும், ஆனால் நம்ம மொட்டை மாடியில் சித்திரை வெயிலிலும் 70ஐத் தொட்டால் பெரிது.

வேடிக்கை என்னவென்றால், 1954இல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கான் செல்லின் அடி என்-டைப்தான், அதாவது எலக்ட்ரான் மிகுந்த வகை. விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குகிறது என்று 1960களில் பி-டைப்புக்கு, அதாவது போரான் கலந்த, துளை மிகுந்த வகைக்கு மாறினார்கள். தரையில் அந்தக் கதிர்வீச்சு ஏது? இருந்தும் தொழிற்சாலைகள் பல காலம் அதே தடத்தில் ஓடின.

இப்போது இரண்டு வழி. ஒன்று, போரானுக்குப் பதில் காலியம். ஆக்சிஜனோடு அது இந்த வம்பு செய்யாது, ஆனால் உருகிய சிலிக்கானை விட்டு லேசில் வெளியே வராது, அதனால் தடியின் தலையிலும் வாலிலும் டோப்பிங் வேறுவேறாக இருக்கும், பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, அடியில் பாஸ்பரஸ் கலந்த என்-டைப், கடைகளில் டாப்கான் என்று விற்பது. இரும்பு போன்ற அசுத்தங்களையும் இது கூடுதலாகத் தாங்கும்.

டேட்டாஷீட்டில் முதல் வருட இழப்பு என்று ஒரு வரி இருக்கும். பி-டைப்புக்குப் பெரும்பாலும் 2 சதவீதம், என்-டைப்புக்கு 1. அதன் கீழே வெப்பக் குணகம், அதாவது செல் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் எவ்வளவு உற்பத்தி குறையும் என்ற கணக்கு: பழைய பெர்க் (பி-டைப்பில் வந்த ரகம்) பேனலுக்கு டிகிரிக்கு 0.35 சதவீதம் பக்கம், டாப்கானுக்கு 0.30 பக்கம். 25 டிகிரியிலிருந்து கணக்குப் போட்டால், செல் 65 டிகிரியில் கொதிக்கும்போது 14 சதவீத இழப்புக்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் அது. (இதற்கு அடி வேஃபர் மட்டும் காரணமில்லை, மேல்பூச்சுகளுக்கும் பங்குண்டு.)

மாட்டிய பிறகு இதை நிரூபிப்பது கஷ்டம். மாடியில் வைத்து அளக்கும் கருவியே இரண்டு மூன்று சதவீதம் முன்பின் காட்டும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: பி-யா என்-னா, பி என்றால் போரானா காலியமா? "எல்லாம் ஏ கிளாஸ் பேனல் சார்" என்று பதில் வந்தால், சரி, டேட்டாஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வரியையும் நீங்களே பாருங்கள்.