பகிர்ந்துண்ணும் மேசையில் அலர்ஜி: ஹம்முஸ் தட்டு வருவதற்கு முன்னால்

லண்டன் ஹோட்டல்கள் பலவற்றில் இப்போது மத்தியதரைக்கடல் உணவகங்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கு அங்கே கிடையாது. கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய் விழுதான பாபா கனூஷ், ஹலூமி சீஸ், வடை போலப் பொரித்த ஃபலாஃபெல், கூடையில் சூடான பிட்டா ரொட்டி என்று சின்னச் சின்னத் தட்டுகளாக மேசை நடுவில் வந்து இறங்கும். குடும்பமாகப் போய்ப் பேசிக்கொண்டே சாப்பிட நல்ல முறை, சைவக்காரர்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஒருவருக்கு எள், கொட்டைகள் அல்லது கோதுமை ஆகாது என்றால், மேசைக்கு வரும் ஒவ்வொரு தட்டையும் அவருடைய தட்டாகவே நினைத்து விசாரிக்க வேண்டும். அலர்ஜி ஆலோசனைக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்.

முதலில் எள். தஹினி என்பது அரைத்த எள் விழுது. ஹம்முஸிலும் பாபா கனூஷிலும் அது இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். ரொட்டியின் மேல் தூவும் ஸாத்தர் பொடியிலும், எகிப்தின் டுக்கா பொடியிலும், இனிப்பாக வரும் மத்தியகிழக்கு ஹல்வாவிலும் எள் இருப்பது தெரிவதில்லை. அளவைக் கவனியுங்கள்: ஒரு மேசைக்கரண்டி ஹம்முஸில் 2 கிராம் தஹினி இருந்தாலே எள் புரதம் சுமார் 300 மில்லிகிராம் சேர்ந்துவிடும். சிலருக்குச் சில மில்லிகிராமே போதும். இன்னொன்று: எள்ளில் உள்ள ஒலியோசின் என்ற புரதங்கள் எண்ணெயோடு ஒட்டியிருப்பவை, தோல் பரிசோதனைக்கான திரவத்தில் அவை சரியாக இறங்குவதில்லை. ஆகவே பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல், தஹினி சாப்பிட்டதும் அலர்ஜி வருபவர்கள் உண்டு. முன்பு ஒருமுறை உடம்பு காட்டிய அறிகுறியை அந்தப் பரிசோதனைத் தாளை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள்.

கொட்டைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் அரைபட்டு வருகின்றன. சிவப்பாக, மிளகாய்ச் சட்னி போல வரும் முஹம்மராவில் வால்நட்டும் ரொட்டித் தூளும் உண்டு. ஸ்பெயினில் கட்டலோனியாவின் ரொமெஸ்கோ சாஸில் பாதாம், ஹேசல்நட். கிரேக்கப் பூண்டு விழுதான ஸ்கோர்டாலியா ஒரு சமையலறையில் உருளைக்கிழங்கு, இன்னொன்றில் பாதாம். டரட்டோர் லெபனானில் தஹினி சாஸ், துருக்கியில் வால்நட் சாஸ். அதனால் மெனுவில் பெயரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அன்று அந்தச் சமையலறையில் எதைப் போட்டு அரைத்தார்கள் என்றே கேட்க வேண்டும்.

பிரிட்டனில் 14 அலர்ஜிப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகம் தந்தே ஆக வேண்டும். எள் அதில் ஒன்று. ஆனால் பைன் கொட்டையும் கொண்டைக்கடலையும் பயறு வகைகளும் அந்த 14-இல் இல்லை. கொண்டைக்கடலை, பருப்பு ஆகாதவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அட்டவணையில் குறி இல்லை என்பதை வைத்து அவர்கள் நிம்மதி அடைய முடியாது. 2021 அக்டோபரில் வந்த நடாஷா சட்டமும், விற்கும் இடத்திலேயே பொதி செய்து வைக்கும் உணவுக்கான லேபிள் பற்றியது. சமைத்து மேசைக்கு வரும் தட்டை அது தொடாது.

“இதில் எள் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் “இல்லை” என்ற பதில் எளிதாக வந்துவிடும். சமையல் குறிப்பில் இல்லாதது கடைசி நிமிடத் தூவலில் வரும். எனவே மூன்று இடங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். மேலே என்ன தூவுகிறீர்கள்? எல்லா விழுதுக்கும் ஒரே மிக்ஸி ஜாரா? பொரிக்கும் எண்ணெய் தனியா? பெரும்பாலும் சறுக்குவது எண்ணெயில்தான்: மாவு தடவிய கணவாய் பொரித்த எண்ணெயிலேயே ஃபலாஃபெலும் பொரிந்தால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோயாளிக்கு அது கோதுமை உணவுதான். கொதிக்கும் எண்ணெய் குளூட்டனை அழிக்காது. தபூலே சாலட், கிப்பே இரண்டிலும் புல்கர், அதாவது உடைத்த கோதுமை. கூஸ்கூஸ், ஃப்ரீக்கே இரண்டும் கோதுமையே. “வீகன்” என்ற முத்திரையும் அலர்ஜிக்கு உத்தரவாதம் அல்ல. தயிருக்குப் பதில் முந்திரி அரைத்திருக்கலாம்.

சிவப்பணுக்களைக் காக்கும் G6PD என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃபூல் மெதமெஸ், எகிப்திய ஃபலாஃபெல் இரண்டும் பாக்லா மொச்சையில் (ஃபாவா பீன்ஸ்) செய்தவை. அதைத் தின்ற ஒன்றிரண்டு நாளில் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை தோன்றலாம். ஆண் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

முன்பதிவு செய்யும்போதே அலர்ஜியைச் சொல்லுங்கள். சமையலறையில் நெரிசல் கூடுவதற்கு முன்பான நேரத்தைக் கேளுங்கள். மேசையில் அலர்ஜி உள்ளவரை ஓரத்தில் உட்கார வையுங்கள், அவர் தலைக்கு மேலாகத் தட்டுகள் கைமாறக் கூடாது. அவருக்கான உணவு தனித் தட்டில், தனிக் கரண்டியோடு வரட்டும். நடுவில் வைத்த ஒன்று அவருக்கும் சரிதான் என்றால், யாரும் தொடுவதற்கு முன் அவர் பங்கை எடுத்துவிட வேண்டும். ஹம்முஸில் தோய்ந்த ரொட்டித் துண்டு அடுத்த கிண்ணத்துக்குள் போன பிறகு அந்தக் கிண்ணமும் எள்தான். சாப்பிட்ட கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் புரதத்தை அகற்றாது. “ஒரு வாய்தானே” என்று பாசத்தோடு ஊட்டிவிடும் பாட்டி, அத்தைமாரிடம் வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்படியும் அலர்ஜி வந்து மூச்சு இரைத்தாலோ, தொண்டை இறுகினாலோ, தலை சுற்றினாலோ அட்ரினலின் பேனாவைத் (பேனா வடிவ மருந்து ஊசி) தொடையின் வெளிப்பக்கம் உடனே குத்துங்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நிமிடங்கள்தான் உயிரைக் கேட்கின்றன. பிறகு அவசர எண் 999-ஐ அழைத்து “அனாஃபிலாக்ஸிஸ்”, அதாவது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி, என்று சொல்லுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் மிகுந்தால் உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். வாந்தி வருகிறது என்று தனியாகக் கழிப்பறைக்குப் போவது பேராபத்து: நிமிரும்போது இரத்த அழுத்தம் சட்டென்று சரியும், பக்கத்தில் உதவ ஆள் இருக்காது. 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. அதனால்தான் எப்போதும் இரண்டு வேண்டும். அவை மேசைமேல் இருக்கட்டும், மேல்மாடி அறைப் பெட்டியில் அல்ல.

தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம். கூட இருப்பவர்களில் ஒருவர் மெனுவையும் மேசையில் இருந்த எல்லாத் தட்டுகளையும் படம் எடுத்து வைக்கட்டும். கிளினிக்கில் எந்தப் பொருளைச் சோதிப்பது என்று முடிவு செய்ய அந்தப் படங்கள் பெரிதும் உதவும்.