நல்ல ராப் ஆல்பம் காணாமல் போவது ஏன்?

இசை உரிமை ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. என்னிடம் வருகிற ராப் கலைஞர்களில் பலர் முதல் வாரத்து ஸ்ட்ரீம் எண்ணிக்கையைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். அந்த எண்ணிக்கை அவ்வளவு பெரிய விஷயமில்லை. அமெரிக்க ராப் கலைஞர் நாஸின் முதல் ஆல்பமான 'இல்மேட்டிக்' 1994-இல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை என்னவோ மந்தம்தான். பெரிய விற்பனைக்குத் தரும் பிளாட்டினம் சான்று 2001-இல்தான் கிடைத்தது. 2021-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. புதிதாக வந்த ஒவ்வொருவரும் தேடிக் கேட்க, அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் சாம்பிள்கள், அதாவது பழைய பாடல்களிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டுகள், ஏராளம். அப்போது வாங்கிய அனுமதிகள் இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. டிஜிட்டல் வெளியீட்டுக்கு அவை செல்லுமா என்ற சிக்கலில், 'இல்மேட்டிக்' போலவே தேசியப் பட்டியலில் ஏறிய அந்த ஆல்பம் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் வரவே இல்லை. குழுவின் டேவ் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்துபோனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

அதனால் சாம்பிள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். ஒரு சாம்பிளுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாடலை இயற்றியவர் தரப்பில் ஒன்று. இரண்டு விநாடிதானே என்பதெல்லாம் பாதுகாப்பில்லை. 1991-இல் ராப் கலைஞர் பிஸ் மார்க்கி மீதான சாம்பிள் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்ததும் அவருடைய ஆல்பமே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அனுமதிக் கடிதத்தில், இனி வரப்போகும் எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் வாங்கும் பீட்டுக்கும், அதாவது ராப்புக்கான பின்னணி இசைக்கும், இது பொருந்தும். பீட்டை வாடகைக்குத் தருவதுபோன்ற மலிவான லீஸ் உரிமங்கள் பலவற்றில் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பு இருக்கும். பாட்டு ஓடிய பிறகு பேரம் பேசப் போனால் விலை உங்கள் கையில் இருக்காது.

அப்புறம், யார் வரி எழுதினார், யார் பீட் செய்தார், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பல வருடம் கழித்து ஒரு படத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டு வருவார்கள். பங்குதாரர்களில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், அவர்கள் வேறு பாட்டைத் தேடிப் போய்விடுவார்கள்.