ரெப்போவில் வைக்கும் பத்திரத்துக்கு எவ்வளவு பணம் கிடைக்கும்?

ரெப்போ வட்டி கால் சதவீதம் குறைந்தால் போதும், வீட்டுக் கடன் தவணை எவ்வளவு இறங்கும் என்று எல்லாரும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அந்த வட்டிக்குப் பணம் வாங்க வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் எதைக் கொடுக்கின்றன, அதற்கு என்ன மதிப்புப் போடப்படுகிறது என்ற பேச்சே எழுவதில்லை. எவ்வளவு பணம் கைக்கு வரும் என்பதை முடிவுசெய்வது அந்த மதிப்புதான்.

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45யூ பிரிவு ரெப்போவுக்கு விளக்கம் தருகிறது. பத்திரத்தை, அதாவது அரசோ நிறுவனமோ கடன் வாங்கும்போது தரும் ஆவணத்தை, விற்றுப் பணம் வாங்குவது; பேசிய நாளில் பேசிய விலைக்கு அதையே திரும்ப வாங்கிக்கொள்வது. இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் வட்டி. நகையை அடகு வைத்தால் முழு விலைக்கும் பணம் தரமாட்டார்கள் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். பிடித்து வைக்கும் அந்தப் பங்குதான் மார்ஜின். சந்தையில் ஹேர்கட் என்றும் சொல்வார்கள்; கணக்கிடும் முறையில் மட்டும் சின்ன வித்தியாசம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

எதற்காகப் பிடிக்கிறார்கள்? கடன் வாங்கியவர் சொன்ன நாளில் வரவில்லை என்றால், கொடுத்தவர் பத்திரத்தை விற்றுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். அதற்குள் விலை இறங்கியிருக்கலாம். 7 சதவீத வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று, முதிர இன்னும் 10 ஆண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி 8 சதவீதமானால் அதன் விலை கிட்டத்தட்ட 7 ரூபாய் இறங்கும். ஓராண்டில் முதிர்வதாக இருந்தால் ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இதைக் கணக்கில் எடுக்காமல், மத்திய அரசுப் பத்திரங்களுக்கு ஒரே மாதிரி 4 சதவீதம், மாநில அரசுப் பத்திரங்களுக்கு 6 சதவீதம் என்றுதான் ரிசர்வ் வங்கி முன்பு பிடித்துவந்தது. 2018 ஆகஸ்டிலிருந்து முதிர்வுக்கு மீதமுள்ள காலத்தை வைத்து மார்ஜின் மாறுகிறது. மத்திய அரசுப் பத்திரத்துக்கு 0.5 முதல் 4 சதவீதம் வரை, மாநிலப் பத்திரத்துக்கு 2.5 முதல் 6 சதவீதம் வரை. தமிழ்நாடு அரசு வெளியிடும் பத்திரங்களும் இரண்டாவது வகைதான். மாநிலப் பத்திரங்கள் மத்திய அரசுப் பத்திரங்கள் அளவுக்குக் கைமாறுவதில்லை, அவசரத்துக்கு விற்பது சிரமம் என்பதால் அந்தக் கூடுதல் பிடிப்பு. தரமதிப்பீடு (கடனைத் திருப்பித் தரும் திறனுக்குப் போடும் மதிப்பெண்) பெற்ற மாநிலப் பத்திரத்துக்கு ஒரு சதவீதப் புள்ளி சலுகை உண்டு. மாநிலங்களைத் தரமதிப்பீட்டுக்கு இழுக்க நல்ல தூண்டில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். முகமதிப்பு 100 கோடி ரூபாய் கொண்ட பத்திரம் ஒரு வங்கியிடம் இருக்கிறது. சந்தை விலை நூற்றுக்கு 98. கடைசியாக வட்டி வாங்கிய பிறகு சேர்ந்திருக்கும் வட்டி 1.50. இரண்டையும் கூட்டினால் மதிப்பு 99.50 கோடி. முகமதிப்பை இங்கே யாரும் பார்ப்பதில்லை.

இதில் 4 சதவீதத்தை இரண்டு விதமாகக் கழிக்கலாம். ஹேர்கட் என்றால் மதிப்பிலிருந்து நேராக 4 சதவீதம் போகும், கிடைப்பது 95.52 கோடி. தொடக்க மார்ஜின் என்றால் மதிப்பை 1.04ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 95.67 கோடி. சதவீதம் ஒன்றுதான், ஆனால் கையில் 15 லட்சம் கூடுகிறது. ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே இரவில் முடியும் ரெப்போவில் தொல்லை குறைவு. நாளை மறுபடி போட்டால் நாளைய விலைதான். நீண்ட நாள் ஒப்பந்தத்தில் இடையில் விலை சரிந்தால், கடன் கொடுத்தவர் கூடுதல் பத்திரமோ பணமோ கேட்பார். விலை ஏறினால் கடன் வாங்கியவர் உபரியைத் திரும்பக் கேட்கலாம்.

இந்தக் கூடுதல் கேட்பு எவ்வளவு கடுமையாகும் என்பதை 2022 செப்டம்பரில் பிரிட்டன் பார்த்தது. அங்கே பல ஓய்வூதிய நிதிகள் அரசுப் பத்திரங்களை ரெப்போவில் வைத்துக் கடன் வாங்கியிருந்தன. 23ஆம் தேதி அரசு அறிவித்த வரிக்குறைப்பால் பத்திர விலை சரிந்தது. கடன் கொடுத்தவர்கள் கூடுதல் மார்ஜின் கேட்டார்கள். அதற்குப் பணம் திரட்ட நிதிகள் பத்திரங்களையே விற்றன, விலை இன்னும் சரிந்தது, மறுபடி மார்ஜின். 28ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து 6,500 கோடி பவுண்டு வரை பத்திரம் வாங்கத் தயார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் வாங்கியது 1,930 கோடி.

இந்தியாவில் வங்கிகள், மியூச்சுவல் ஃபண்டுகள் தங்களுக்குள் செய்யும் ரெப்போவில் பெரும்பகுதி டிரெப்ஸ் என்ற முத்தரப்பு ரெப்போ வழியாக நடக்கிறது. நடுவில் நின்று உத்தரவாதம் தருவது கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. கடன் வாங்குபவர் முன்கூட்டியே வைத்த அரசுப் பத்திரங்களில் ஹேர்கட் போக மிஞ்சும் மதிப்புதான் அவருடைய வரம்பு. நிறுவனப் பத்திரங்களை வைத்தும் தனியாக ரெப்போ செய்யலாம். 2018 விதிகளின்படி பட்டியலிடப்பட்ட நிறுவனப் பத்திரத்துக்குக் குறைந்தது 2 சதவீதம், நிறுவனங்கள் குறுகிய காலக் கடனுக்கு வெளியிடும் கமர்ஷியல் பேப்பருக்கு 1.5 சதவீதம் ஹேர்கட். இது கீழ்வரம்புதான், காலத்தையும் விற்கும் வசதியையும் பொறுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் லிக்விட் ஃபண்டின் (குறுகிய காலக் கடன்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டின்) மாதாந்திர அறிக்கையில் டிரெப்ஸ் என்ற வரி இருந்தால், அந்தப் பணம் அரசுப் பத்திரப் பிணையின் பேரில் போயிருக்கிறது. கார்ப்பரேட் பாண்டு ரெப்போ என்று இருந்தால், பின்னால் இருப்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் பத்திரம்.