பராஷா: சொல்லு எங்கேருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

யூதர்களப் பத்தி வர்ற படத்துலயோ சீரியல்லயோ "இந்த வாரப் பராஷா என்ன?"ன்னு ஒருத்தர் கேப்பாரு, கீழ சப்டைட்டில்ல "வேதப்பகுதி"ன்னு போட்டு முடிச்சிருவாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா பாதிதான் வந்திருக்கு.

முதல்ல அர்த்தம். தோராங்கிறது மோசேயோட அஞ்சு புஸ்தகம், நம்ம பைபிள்ல ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரைக்கும் இருக்கறது. இத 54 துண்டா பிரிச்சு, சப்பாத்துக்கு ஒண்ணுன்னு (சனிக்கிழமை காலைல) ஜெப ஆலயத்துல தோல் சுருள விரிச்சு ராகத்தோட வாசிப்பாங்க, ஒரு வருஷத்துல மொத்தமும் முடிஞ்சிரும். அந்த ஒரு வாரத் துண்டுதான் பராஷா. முழுப்பேரு பராஷத் ஹஷாவுவா, வாரத்தோட பராஷான்னு அர்த்தம். பின்னாடி இன்னொரு பேரு ஒட்டிட்டு வந்தா பராஷா "பராஷத்" ஆயிரும், எபிரேய இலக்கணம் அப்படி. அதான் பராஷத் நோவா, பராஷத் பாலாக்னு கேள்விப்படுவீங்க. கிழக்கு ஐரோப்பா வழி வந்தவங்க வாயில இது சுருங்கி "பார்ஷா" ஆயிருச்சு. அரமேயிக்ல இதுக்கு "சித்ரா"ன்னு இன்னொரு பேரும் உண்டு, வரிசைன்னு பொருள் தர்ற வேர்லேருந்து வந்தது, நம்ம தெரு சித்ராக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இப்ப வேர். எபிரேயத்துல பெரும்பாலான சொல்லு மூணு மெய்யெழுத்துலேருந்துதான் முளைக்கும். இங்க அந்த மூணு ப-ர-ஷ. அடிப்படைப் பொருள் பிரிக்கறது, தனியா எடுத்து வைக்கறது. அதே வேருக்கு தெளிவா விளக்கிச் சொல்றதுன்னு இன்னொரு பொருளும் இருக்கு. இந்த ரெண்டும் ஒரே வேர்ல இருக்கறதுதான் விஷயமே. பிரிச்ச துண்டு பராஷா, அதுக்கு எழுதற உரை பெருஷ், எழுதறவரு பர்ஷான், அந்த மொத்த உரைமரபுக்கும் பேரு பர்ஷனுத். துண்டும் உரையும் ஒரே குடும்பம். புதிய ஏற்பாட்டுல வர்ற பரிசேயர் கூட இந்த வேர்தான், "பிரிஞ்சு நின்னவங்க"ன்னு பெரும்பாலும் சொல்லுவாங்க, "பிரிச்சு விளக்கினவங்க"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

பைபிளுக்குள்ளயே பராஷாங்கிற சொல்லு எஸ்தர் புஸ்தகத்துல மட்டும் ரெண்டு இடத்துல வருது, ஆனா அங்க வேதப்பகுதிங்கிற அர்த்தம் கிடையாது. யூதர்கள அழிக்க ஆமான் கஜானாவுக்குக் கட்டறதா சொன்ன பணம் எவ்வளவுங்கிற விவரம், அப்புறம் மொர்தெகாய் எவ்வளவு உசந்தான்ங்கிற விவரம், இந்த "விவரம்"தான் அங்க பராஷா. பிரிச்சுச் சொன்ன கணக்குன்னு வச்சுக்கலாம். நெகேமியா 8:8ல, கூடி நிக்கிற ஜனங்களுக்கு முன்னாடி நியாயப்பிரமாணத்த வாசிக்கிற இடத்துல இதே வேர்லேருந்து "மெஃபோராஷ்"னு ஒரு சொல்லு வருது, பழைய தமிழ் பைபிள் அத "தீர்க்கமாக வாசித்து"ன்னு போட்டிருக்கு, நல்ல தேர்வுதான்.

ஒரு எச்சரிக்கை, பராஷா பிரி ரெண்டும் ஒலி ஒத்துப்போகுதே, அப்ப எபிரேயமே தமிழ்லேருந்துதான்னு யாரும் கிளம்பிராதீங்க. தற்செயலா ஒலி ஒத்துப்போறது எந்த ரெண்டு மொழிய எடுத்தாலும் கிடைக்கும்.

வாரத் துண்டுங்கிற அர்த்தத்துக்கும் முன்னாடி இந்த சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருந்துச்சு, சுருள்ல இடைவெளி விட்டுப் பிரிச்ச பத்தின்னு, இப்பவும் இருக்கு. தோரா சுருள்ல நிறுத்தக்குறி கிடையாது, உயிர்க்குறி கிடையாது, வசன நம்பர் கிடையாது, இருக்கறதெல்லாம் இடைவெளி மட்டும்தான். ஒரு விஷயம் முடிஞ்சு அடுத்தது புது வரியில ஆரம்பிச்சா அது "பெதுஹா", திறந்த பராஷா. அதே வரியிலயே கொஞ்சம் இடம் விட்டு ஆரம்பிச்சா "செதுமா", மூடின பராஷா. எங்க எது வரணும்னு 12ஆம் நூற்றாண்டுல யூத சட்ட அறிஞர் மைமோனிதேஸ் ஒரு பட்டியலே போட்டு வச்சிட்டாரு, இடைவெளி தப்பா விட்டா சுருளே செல்லாது. அந்த வெத்து இடத்துக்குக் கூட உரை இருக்கு. ஆதியாகமத்தோட கடைசி வாரப் பகுதி "வயெஹி", அதுக்கு முன்னாடி வழக்கமா இருக்க வேண்டிய இடைவெளி இல்ல, முந்தின வாரத்தோட அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். ஏன் இது அடைச்சு கிடக்குன்னு தோராவுக்கு உரை எழுதின ராஷி (இவரப் பத்தி கீழ வரும்) கேக்கறாரு, யாக்கோபு கண்ண மூடினதும் எகிப்து அடிமைத்தனத்தோட வேதனைல இஸ்ரவேலரோட கண்ணும் மனசும் அடைச்சுப் போச்சு, அதான்னு மித்ராஷ்ங்கிற பழைய வேத விளக்கத்த எடுத்துக் காட்டி பதிலும் சொல்றாரு. இடைவெளி இல்லாததுக்கே ஒரு உரை!

ஒவ்வொரு பராஷாவுக்கும் பேரு எப்படி வந்துச்சுன்னா, ஆரம்பத்துல வர்ற முக்கியமான ஒரு சொல்லோ ரெண்டு சொல்லோ, அவ்ளோதான். நமக்கு இது புதுசில்ல, ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் முதல் சொல்லால பேரு வாங்கின நூல்தானே. இதுல ஒரு வேடிக்க என்னன்னா "ஹயே சாரா"ன்னு ஒரு பராஷா, சாராளோட வாழ்க்கைன்னு பொருள், திறந்தா முதல் ரெண்டு வசனத்துலயே சாராள் செத்துப் போறா. மேல சொன்ன வயெஹிக்கும் "அவன் வாழ்ந்தான்"னுதான் பொருள், அதுலதான் யாக்கோபு சாகறான்.

54 துண்டுக்கு வருஷத்துல அத்தன சனிக்கிழமை வராதேன்னு கேக்கலாம், பண்டிகை சனிக்கிழமைல விழுந்தா அன்னைக்கு வேற வாசிப்பு, அதனால சில வருஷம் ரெண்டு பராஷாவ சேர்த்து ஒரே வாரத்துல முடிப்பாங்க, சேக்கறதுக்குன்னே ஏழு ஜோடி குறிச்சு வச்சிருக்காங்க, யூதக் காலண்டர்ல அதிக மாசம் வர்ற வருஷத்துல பெரும்பாலும் பிரிச்சே வாசிப்பாங்க. கடைசித் துண்டு மட்டும் சிம்ஹத் தோரா பண்டிகை அன்னைக்கு, அன்னைக்கே மறுபடி "பெரெஷித்"னு முதல் வசனத்துலேருந்து தொடங்கிருவாங்க. இந்த ஒரு வருஷக் கணக்கு பாபிலோன் யூதர்களோட வழக்கம். இஸ்ரேல் மண்ணுல இருந்தவங்க சின்னச் சின்ன துண்டா பிரிச்சு மூணு வருஷம் போல எடுத்துக்கிட்டாங்க. 12ஆம் நூற்றாண்டுல ஊர் ஊரா சுத்தின துதேலா பென்யமின் எகிப்துக்குப் போனப்ப ஒரே ஊர்ல ரெண்டு ஜெப ஆலயம், ஒண்ணுல ஒரு வருஷக் கணக்கு இன்னொண்ணுல மூணு வருஷக் கணக்குன்னு பாத்து எழுதி வச்சிருக்காரு. கடைசில பாபிலோன் வழக்கம்தான் எல்லா இடத்துலயும் நிலைச்சுது.

ஜெப ஆலயத்துல போய் கேட்டா மட்டும் போதாது, அவங்கவங்க வீட்லயும் படிச்சு முடிச்சிருக்கணும். தல்மூத்ல (ரபிகளோட பழைய சட்ட விவாதத் தொகுப்பு) பெராஹோத்ங்கிற பகுதியோட 8ஆம் தாள்ல ஒரு விதி இருக்கு, சபையோட சேர்ந்து பராஷாவ முடி, ரெண்டு தடவ மூலம், ஒரு தடவ மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்புன்னா அன்னைக்கு ஜனங்க பேசின அரமேயிக்ல இருக்கற ஒன்கெலோஸ் தர்கூம். "அதரோத், தீபோன்" மாதிரி வெறும் ஊர்ப்பேரா வர்ற வசனத்தக் கூட விட்டுறாதன்னு வேற சொல்லிருக்காங்க. காலம் போகப் போக அரமேயிக் யாருக்கும் புரியாம போச்சு, அப்ப தர்கூமுக்குப் பதிலா ராஷி உரைய படிச்சா போதுமான்னு கேள்வி வந்துச்சு. போதும், ஆனா பயபக்தி உள்ளவன் ரெண்டையும் படிப்பான்னு 16ஆம் நூற்றாண்டுல யோசேப் காரோ தன்னோட சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூஹ்ல எழுதிட்டாரு. ஏமன் யூதர்கள் மட்டும் இன்னைக்கும் ஜெப ஆலயத்துல வசனத்துக்கு வசனம் தர்கூமையும் சேர்த்தே ஓதறாங்க. ஆக பராஷா படிக்கிறதுன்னாலே உரையோட படிக்கிறதுன்னு ஆகி ரொம்ப காலம் ஆச்சு, வேர்ல இருந்த ரெண்டாவது அர்த்தம் பழக்கத்துலயும் வந்து உக்காந்துக்கிச்சு.

யாரு இந்த ராஷி? ரபி ஷ்லோமோ இத்ஸ்ஹாக்கிங்கிற பேரோட முதல் எழுத்துகள்தான் ராஷி. பிரான்ஸ்ல த்ருவா ஊர்க்காரரு, 1040லேருந்து 1105 வரைக்கும். சொல்லு கஷ்டமா இருந்தா பட்டுனு அன்னைய பிரெஞ்சு வார்த்தைய எபிரேய எழுத்துல போட்டுருவாரு, நாம பஸ் கரண்ட்னு தமிழ்ல எழுதற மாதிரிதான், அதனாலயே இன்னைக்கு பழைய பிரெஞ்சு ஆராயறவங்களுக்கும் அவரு உரை வேண்டியிருக்கு. தேதி போட்டு அச்சான முதல் எபிரேயப் புஸ்தகமே 1475ல இத்தாலில ரெஜ்ஜோ தி கலாப்ரியால வந்த அவரோட தோரா உரைதான். "ராஷி எழுத்து"ன்னு ஒரு அச்செழுத்து இருக்கே, அதுல அவரு ஒரு வரி கூட எழுதினதில்ல, பின்னாடி வந்த அச்சுக்காரங்க உரைய மூலத்துலேருந்து தனியா காட்ட எடுத்துக்கிட்டது.

உரைங்க எப்படி மோதிக்கும்னு ஒரே ஒரு உதாரணம். மூணாவது பராஷா "லெஹ் லெஹா". கடவுள் ஆபிரகாம்கிட்ட ஊர விட்டுப் போகச் சொல்றாரு. லெஹ்னா "போ". லெஹான்னா "உனக்கு". போ உனக்குன்னா என்ன? பழைய தமிழ் பைபிள் வெறும் "போ"ன்னு முடிச்சிருச்சு. ராஷிக்கு அந்த "உனக்கு" சும்மா இருக்க முடியாது, அதனால உன் நன்மைக்காக, உன் லாபத்துக்காகப் போன்னு விரிக்கறாரு. அடுத்த நூற்றாண்டுல ஸ்பெயின்ல கெரோனால பிறந்த இன்னொரு உரையாசிரியர் ரம்பான் (1194-1270) அதெல்லாம் வேண்டாம், இது மொழியோட வழக்கு, வேற வசனத்துலயும் இப்படித்தான் வருதுன்னு உதாரணத்த எடுத்து அடுக்கறாரு. நமக்கு இது டக்குனு புரியணும், ஏன்னா தமிழ்ல "போயிக்கோ"ன்னு ஒண்ணு இருக்கு. அந்த "கோ", அதாவது கொள், தற்பொருட்டு, தனக்காக செய்யறதுன்னு இலக்கணம் சொல்லும், "எடுத்துக்கோ"ல அது தெளிவா தெரியும். ஆனா பேச்சுல பாதி நேரம் அதுக்கு தனி அர்த்தமே இல்லாம ஒட்டிட்டு வரும். ராஷி கொள்ளுக்கு அர்த்தம் பாக்கறாரு, ரம்பான் அது சும்மா ஒட்டுங்கறாரு. எனக்கு மொழியா பாத்தா ரம்பான் பக்கம்தான் நியாயம் தெரியுது, ஆனா ராஷியப் படிச்சப்புறம் அந்த "உனக்கு"வ தாண்டிப் போக முடியல.

ராஷியோட பேரன் ரஷ்பாம் தாத்தாவையே விட்டு வைக்கல. நேர்ப்பொருள், அதாவது பெஷாத், அதுதான் முக்கியம்னு வாதாடி, தனக்கு நேரம் இருந்தா நாளுக்கு நாள் புதுசா தோணற நேர்ப்பொருளுக்கு ஏத்த மாதிரி வேற உரை எழுதிருப்பேன்னு தாத்தாவே என்கிட்ட ஒத்துக்கிட்டாருன்னு யோசேப்பு கதை ஆரம்பிக்கற இடத்துல எழுதி வச்சிட்டாரு. இந்த சண்டை மொத்தத்தையும் ஒரே பக்கத்துல, நடுவுல மூலம் சுத்தி உரைங்கன்னு அச்சடிச்சா அதுக்குப் பேரு மிக்ராஓத் கெதோலோத். அத 1517ல வெனிஸ்ல போட்டவரு தானியேல் போம்பெர்க்னு ஒரு கிறிஸ்தவ அச்சுக்காரரு.

நம்ம காலத்துக்கு வந்தா நெஹாமா லைபோவிட்ஸ் (1905-1997). ரீகால பிறந்து ஜெருசலேம்ல குடியேறின டீச்சர். 1942லேருந்து முப்பது வருஷம் போல வாராவாரம் பராஷாவுக்கு ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி அனுப்புவாங்க, யார் பதில் எழுதி அனுப்பினாலும் அவங்களே சிவப்புப் பேனால திருத்தித் திருப்பி அனுப்புவாங்க. அவங்களோட முக்கியமான கேள்வி "ராஷிக்கு இங்க என்ன இடிச்சுது?" உரை என்ன சொல்லுதுன்னு கேக்காம, உரையாசிரியர இங்க நிக்க வச்சது எதுன்னு கேக்கறது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரைய படிக்கறவங்களும் இந்தக் கேள்விய எடுத்துக்கலாம்னு தோணுது.

சரி, தமிழ்ல என்ன போடறது? "அதிகாரம்" கண்டிப்பா வேண்டாம், பைபிள்ல இப்ப இருக்கற அதிகாரப் பிரிவு கிறிஸ்தவர்கள் இடைக்காலத்துல போட்டது, பராஷா எல்லையோட பல இடத்துல ஒத்துப்போகாது. "வாசகம்" கத்தோலிக்கத் திருப்பலிக்குப் பழகிப்போன சொல்லு, கிட்டத்தட்ட சரிதான், ஆனா முதல் வாசகம் இரண்டாம் வாசகம்னு காதுல விழுந்துரும். "படலம்" கம்பராமாயணத்த இழுத்துட்டு வந்துரும், அதோட தொல்காப்பியம் படலத்துக்குச் சொல்ற இலக்கணம் பலவகைப் பொருள் கலந்து வர்றது.

தொல்காப்பியத்துலயே அதுக்குப் பக்கத்துல இருக்கு சரியான சொல்லு. "நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது ஓத்தென மொழிப." ஓத்துன்னா நூலோட ஒரு பிரிவு. அதே ஓத்துக்கு வேதம், ஓதப்படறதுன்னும் அர்த்தம், "மறப்பினும் ஓத்துக் கொளலாகும்"னு குறள்ல வர்றது அதுதான். பிரிவு, ஓதப்படும் மறை, ரெண்டும் ஒரே சொல்லுல. அகராதிப்படி இதுக்கு மேல ஒரு பொருத்தம் கிடைக்காது. ஆனா இன்னைக்குப் பேச்சுத்தமிழ்ல அந்த ஒலி எங்க போய் முட்டும்னு உங்களுக்கே தெரியும், ஒரு கூட்டத்துல எழுந்து "இந்த வார ஓத்து"ன்னு சொல்லிப் பாருங்க, கடைசி பெஞ்ச் விழுந்து விழுந்து சிரிக்கும். அதனால என் ஓட்டு "வார ஓதுபகுதி"க்கு, ஓதறதும் இருக்கு பகுதியும் இருக்கு. பெருஷுக்கு உரை, பர்ஷானுக்கு உரையாசிரியர், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. தோராவுக்கு அப்புறம் தீர்க்கதரிசிகள் புஸ்தகத்துலேருந்து வாசிக்கிற "ஹஃப்தாரா"வுக்கு நிறைவு ஓதுபகுதின்னு வைக்கலாம், அந்த சொல்லோட வேருக்கும் முடிச்சு வைக்கறதுன்னுதான் பொருள்.

குறிப்பிட்ட பேரோட வரும்போது மட்டும் மொழிபெயர்க்காதீங்க, "பராஷத் நோவா" அப்படியே இருக்கட்டும், முதல் தடவ வர்ற இடத்துல "நோவா என்னும் வார ஓதுபகுதி"ன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும். "பராஷத் பராஷா"ன்னு எழுதறது நடு சென்டர் மாதிரி, அத மட்டும் தவிர்த்துருங்க.